நன்றாகப் பேசினான், சரி. என்ன புரிந்தது?

கேள்வி: கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இந்தப் பருவத்தில் பேச்சுத்திறன் பாடம் என் தலையில் விழுந்திருக்கிறது. 48 மாணவர்கள். ஆளுக்கு 6 நிமிடம். தங்களுக்குப் பிடித்த ஒரு விஷயத்தை வகுப்புக்கு விளக்கிப் பேச வேண்டும். 25 மார்க். துறையில் ஏற்கெனவே இருந்த படிவத்தில் குரல், உடல்மொழி, தன்னம்பிக்கை, மொழி, உள்ளடக்கம் என்று ஐந்து தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் 5 மார்க். போட்டு முடித்துப் பார்த்தால் முக்கால்வாசிப் பேர் 17க்கும் 20க்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். காலநிலை மாற்றம் பற்றி மடை திறந்தாற்போலப் பேசிய பையனுக்கு 22. ஃப்ரிட்ஜ் எப்படி வேலை செய்கிறது என்று பேசிய பெண்ணுக்கு 15; தாளைப் பார்த்துப் பார்த்து, குரல் நடுங்கப் பேசினாள். மறுநாள் வந்து, “எங்கே மேடம் குறைந்தது?” என்று கேட்டாள். “கான்ஃபிடன்ஸ் இன்னும் வேணும்மா” என்றேன். அவள் போன பிறகு அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. ஃப்ரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை, உள்ளே இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது, பின்பக்கம் கை வைத்தால் சுடுவது அதனால்தான் என்று அவள் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. அந்தப் பையன் சொன்னதில் ஒரு வரிகூட நினைவில் இல்லை. அடுத்த சுற்றுப் பேச்சு வருகிறது. எப்படி மார்க் போடுவது?

பதில்: உங்கள் படிவத்தை ஒருமுறை கூட்டிப் பாருங்கள். குரல், உடல்மொழி, தன்னம்பிக்கை, மொழி: 25க்கு 20 மார்க் ஒருவர் எப்படிப் பேசினார் என்பதற்கே போய்விட்டது. என்ன சொன்னார் என்பதற்கு மிச்சம் 5. அந்தப் பெண்ணுக்கு 15 விழுந்ததில் உங்கள் பிழையைவிடப் படிவத்தின் பிழை அதிகம். நாடகத்துக்கு ஆள் எடுப்பதற்கு அது நல்ல படிவம். விளக்கிப் பேசும் பேச்சுக்கு இருக்கும் வேலையே வேறு. உட்காரும்போது தெரியாத ஒன்று, எழுந்து போகும்போது கேட்டவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்கு ஃப்ரிட்ஜ் நினைவிருக்கிறது. அப்படியானால் அந்தப் பேச்சு தன் வேலையைச் செய்துவிட்டது.

இப்படிப்பட்ட படிவங்கள் எங்கிருந்து வருகின்றன என்று யோசித்ததுண்டு. பயிற்சி வகுப்புகளில் ஒரு கணக்கு சொல்வார்கள்: பேச்சின் தாக்கத்தில் சொல்லுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, முகத்துக்கும் உடலுக்கும் 55. உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து எடுத்த கணக்கு இது. அங்கே நடந்தது என்னவென்றால், தனிச் சொற்களை வெவ்வேறு தொனியில் ஒலிக்கவிட்டு, முகப் படங்களைக் காட்டி, பேசுபவருக்கு விருப்பமா வெறுப்பா என்று ஊகிக்கச் சொன்னார்கள். உணர்ச்சியையும் மனப்பான்மையையும் பற்றிய பேச்சுக்கு மட்டுமே இது பொருந்தும் என்று அவரே பின்னால் எழுதிவிட்டார். யார் கேட்டார்கள்? ஃப்ரிட்ஜ் வேலை செய்யும் விதத்தில் 55 சதவீதத்தை முகபாவனையாலேயே விளக்கிவிட முடியும் என்றால், நான் அந்த வகுப்புக்கு வந்து பார்க்கத் தயார்.

மடை திறந்தாற்போலப் பேசுவதில் ஏமாறுவது புது ஆசிரியர்கள் மட்டும் என்று நினைக்காதீர்கள். 1970இல் அமெரிக்காவில் ஒரு நடிகரை ‘டாக்டர் ஃபாக்ஸ்’ என்ற பெயரில், பெரிய நிபுணர் என்று அறிமுகப்படுத்தி மேடையேற்றினார்கள். தலைப்பு, மருத்துவர்களின் கல்வியில் கணித விளையாட்டுக் கோட்பாடு. கேட்டவர்களில் மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் இருந்தார்கள். நடிகருக்கு அந்தத் துறையில் அரிச்சுவடிகூடத் தெரியாது. முன்னுக்குப்பின் முரணாகவும், இல்லாத சொற்களைப் புனைந்தும், நடுநடுவே நகைச்சுவையோடும் பேசும்படி சொல்லியிருந்தார்கள். 1973இல் முடிவுகள் வெளியாயின. கேட்டவர்கள் பேச்சைப் பாராட்டி எழுதியிருந்தார்கள். தெளிவாக இருந்தது, யோசிக்கத் தூண்டியது என்றெல்லாம். அவர்களே அப்படி என்றால் மாலை நாலு மணிக்குப் பதினோராவது பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் நீங்களும் நானும் எம்மாத்திரம்?

இதில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்ளும். உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920லேயே இதைக் காட்டினார். ராணுவ அதிகாரிகள் தங்கள் ஆட்களின் உடல்வாகு, அறிவு, தலைமைப்பண்பு, குணம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே மதிப்பு போட்டார்கள். எல்லா மதிப்புகளும் ஒன்றோடொன்று நம்ப முடியாத அளவுக்கு ஒட்டிக்கொண்டே வந்தன. ஒன்றில் நல்லவன் என்று பட்டுவிட்டால் மற்றவற்றிலும் கை தாராளமாகிவிடுகிறது. உங்கள் பழைய தாள்களை எடுத்துப் பாருங்கள். அந்தப் பையனுக்கு உள்ளடக்கத்தில் எத்தனை? 4க்குக் குறையாது என்று நினைக்கிறேன். ஒரு வரிகூட நினைவில் நிற்காத உள்ளடக்கத்துக்கு 4.

சரி, படிவத்தை மாற்றுவோம். இன்று தேசியத் தகவல்தொடர்புச் சங்கம் என்று அழைக்கப்படும் அமெரிக்க அமைப்பு 1993இல் ஒரு பேச்சு மதிப்பீட்டுப் படிவம் வெளியிட்டது. அதில் எட்டுத் திறன்கள். நான்கு, தலைப்பு, மையக்கருத்து, ஆதாரம், ஒழுங்கு பற்றியவை; மீதி நான்கு சொல்லும் முறை பற்றியவை. எல்லா வகைப் பேச்சுக்குமான அந்தப் படிவமே பாதிக்குப் பாதிதான் கொடுத்தது. விளக்கப் பேச்சுக்கு நான் இன்னும் தள்ளிப் போவேன். 25இல், தலைப்பை 6 நிமிடத்துக்குள் அடங்கும்படி சுருக்கியதற்கு 3, ஒழுங்குக்கு 5, விளக்கத்துக்கு 8, ஆதாரத்துக்கு 4, சொல்லும் முறைக்கு 5. இதே பங்கீடு வேண்டும் என்று அடம்பிடிக்க மாட்டேன். விளக்கம் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமாக இருக்கட்டும், போதும்.

எண்ணை மட்டும் மாற்றினால் மறுபடி எல்லாரும் நடுவிலேயே வந்து நிற்பார்கள். 5க்கு எத்தனை என்று கேட்டால் கை தானாக 4க்குப் போகும். எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று எழுதி வைத்துவிட வேண்டும். விளக்கத்துக்கு என் தாளில் இருப்பது இது: கேட்பவர் எங்கே தடுமாறுவார் என்று முன்கூட்டியே யோசித்து, சரியாக அந்த இடத்தில் ஓர் உதாரணத்தையோ படத்தையோ வைத்திருந்தால், கேட்டவர் அதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல முடிந்தால் 7 அல்லது 8. செய்தி சரி, வரிசையும் சரி, ஆனால் ‘என்ன’ மட்டும் வந்தது, ‘ஏன்’ வரவில்லை என்றால் 4 அல்லது 5. தலைப்பைச் சுற்றிச் சுற்றி வந்து உள்ளே போகவே இல்லை என்றால் 2. மற்றவற்றுக்கும் இப்படி இரண்டிரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள். பேச்சு நாளுக்கு இரண்டு வாரம் முன்பே அந்தத் தாள் மாணவர்கள் கையில் இருக்க வேண்டும். அவர்களிடம் மறைத்து வைத்து மார்க் போடுவது நியாயமில்லை.

விளக்கம் என்ற அந்த 8 மார்க்கில்தான் உங்கள் கண் இருக்க வேண்டும். கேத்தரின் ரோவன் என்ற தகவல்தொடர்புப் பேராசிரியர் 1995இல் எழுதிய கட்டுரை ஒன்று எனக்கு நிறைய உதவியது. ஒரு விஷயம் புரியாமல் போவதற்கு அவர் மூன்று காரணங்கள் சொல்கிறார். சொல்லின் பொருள் பிடிபடாமல் இருக்கலாம். இது எது, எது இதுவல்ல என்று பிரித்துக் காட்டினால் போதும். அமைப்பு சிக்கலாக இருந்து மனத்தில் படமாக விழாமல் இருக்கலாம். அங்கே ஒப்புமையோ வரைபடமோ வேண்டும். மூன்றாவதுதான் சுவாரசியமானது. கேட்பவர் மனத்தில் ஏற்கெனவே ஒரு தவறான எண்ணம் வசதியாக உட்கார்ந்திருக்கும். அதைப் பார்க்காததுபோலத் தாண்டிப்போய்ச் சரியானதைச் சொன்னால் காதில் விழும், மனத்தில் ஏறாது. முதலில் அந்த எண்ணத்தைச் சொல்ல வேண்டும். அது ஏன் நியாயமாகத் தோன்றுகிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அது எங்கே இடிக்கிறது என்று காட்ட வேண்டும். அப்புறம் சரியானதை வைக்க வேண்டும்.

உங்கள் மாணவி செய்தது இதில் பெரும்பகுதி. ஃப்ரிட்ஜ் குளிரை உற்பத்தி செய்கிறது என்பதுதான் நம்மில் பலர் தலையில் இருப்பது. அதை எடுத்து, இல்லை என்று மறுத்து, பின்பக்கச் சூட்டைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறாள். பேச்சு அங்கே நின்றுவிட்டதா, இல்லை, உள்ளே குழாயில் திரவம் ஆவியாகும்போது வெப்பத்தை எப்படி உறிஞ்சுகிறது, கம்ப்ரெஸர் அந்த ஆவியை அழுத்துவதால் என்ன ஆகிறது என்பது வரை போனாளா என்று கடிதத்திலிருந்து தெரியவில்லை. போயிருந்தால் விளக்கத்துக்கு 7 போட நான் யோசிக்க மாட்டேன். போகாவிட்டாலும் 5க்குக் கீழே இறங்காது.

புரிந்ததா என்று சோதிக்க ஒரே ஒரு கேள்வி போதும், பேச்சில் வராத கேள்வியாக இருந்தால். ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்தால் அறை குளிருமா? குளிராது, மொத்தத்தில் சூடுதான் ஏறும். உள்ளே எடுத்த வெப்பமும் மின்சாரத்தால் வரும் வெப்பமும் அதே அறையில்தான் கொட்டுகின்றன. வகுப்பில் இதற்கு நாலு பேர் சரியாகப் பதில் சொன்னால் அந்த நாலு பேருக்கும் பேச்சு போய்ச் சேர்ந்திருக்கிறது.

காலநிலை மாற்றப் பையனிடம் திறமை இல்லை என்று சொல்ல வரவில்லை. 6 நிமிடத்துக்குக் காலநிலை மாற்றம் என்று தலைப்பெடுத்தாலே, யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்ல நேரம் இருக்காது. பொதுவாகச் சொல்லி, கடைசியில் “ஆகவே நாம் அனைவரும் இயற்கையைக் காப்போம்” என்றுதான் முடிக்க வேண்டி வரும். அந்தக் கடைசி வரி வந்ததும் அது வேண்டுகோள் ஆகிவிடுகிறது. வற்புறுத்திப் பேசுவது வேறு பயிற்சி, வேறு படிவம். மாணவர்கள் இந்தக் கோட்டை அடிக்கடி தாண்டுவார்கள். தாண்டினால் தலைப்புக்கான 3இல் ஒன்றைக் குறைத்து, ஏன் என்று எழுதிவிடுவேன்.

ஆதாரத்தில் ஒரே ஒரு விஷயம்தான் பார்க்கிறேன்: காதுக்குக் கேட்டதா? ஸ்லைடின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. “ஆராய்ச்சிகள் சொல்கின்றன” என்பதும் ஆதாரம் ஆகாது. யாருடைய ஆராய்ச்சி, எந்த ஆண்டு, அவரை ஏன் நம்ப வேண்டும் என்று பேச்சோடு பேச்சாக ஒரு மூச்சில் சொல்லிவிட முடியும்.

சொல்லும் முறைக்கு வருவோம். 5 மார்க் வைத்திருக்கிறேன், தூக்கி எறியவில்லை. கேட்காத குரலில் எவ்வளவு நல்ல விளக்கமும் வீண். கடைசி வரிசை வரை கேட்டதா, தொடர்ந்து வர முடிந்த வேகமா, எங்களைப் பார்த்தாரா, இவ்வளவுதான். வேகம் பற்றி ஒன்று: நிமிடத்துக்கு 120 முதல் 150 சொல் என்று சொல்வது ஆங்கிலத்துக்கான கணக்கு. தமிழில் உருபும் விகுதியும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் ஒவ்வொரு சொல்லும் நீளம். அந்த எண்ணை வைத்துத் தமிழ்ப் பேச்சை அளந்தால் எல்லாரும் மந்தமாகப் பேசுவதாகத் தெரியும். வட்டார வழக்குக்கு நான் மார்க் குறைப்பதில்லை. ‘தூய’ தமிழில் பேசியதற்கு மார்க் கூட்டுவதும் இல்லை.

நடுக்கத்துக்குக் குறைக்காதீர்கள். நடுங்குவது அவர்கள் கையில் இல்லை. உளவியலாளர்கள் கென்னத் சவிட்ஸ்கியும் தாமஸ் கிலோவிச்சும் 2003இல் காட்டியது இது: பேசுகிறவர்கள் தங்கள் பதற்றம் வெளியே தெரிவதாக நினைக்கும் அளவுக்குக் கேட்பவர்களுக்கு அது தெரிவதில்லை. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர்கள் பேச்சு மேலும் நன்றாக அமைந்தது என்பதையும் கண்டார்கள். ஆகவே முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிவிடுங்கள், ஒரு காசு செலவில்லை. தாளைப் பார்த்துப் படிப்பது வேறு விஷயம். அதற்குக் குறைக்கலாம், காரணம், கண்ணுக்காக எழுதிய வாக்கியம் காதுக்கு நீளம். முழுப் பேச்சையும் எழுதிவராமல் ஓர் அட்டையில் பத்துச் சொல் மட்டும் எழுதிவரச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணின் குரல் நடுக்கம் பாதி அதிலேயே போய்விடலாம். தாளில் தொலைந்த வரியைத் தேடும்போதுதான் குரல் அதிகம் நடுங்கும்.

இனி, வகுப்பில் உட்கார்ந்து நீங்கள் செய்ய வேண்டியது. பேசிக்கொண்டிருக்கும்போது மார்க் கட்டத்தில் பேனா வைக்கவே வேண்டாம். ஒரு தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் அவர் சொன்னதன் எலும்புக்கூட்டை மட்டும் எழுதிக்கொண்டே வாருங்கள். வலப்பக்கம் நிமிடக் கணக்கோடு உங்களுக்கு நேர்ந்தது: “2:40, இங்கே தொலைந்தேன்”, “4:10, சிரித்தேன்”. பேச்சு முடிந்ததும், மார்க் போடுவதற்கு முன்னால், அடியில் ஒரே வாக்கியம்: இதிலிருந்து நான் தெரிந்துகொண்டது என்ன? அந்த வாக்கியம் எழுத வரவில்லை என்றால் விளக்கத்துக்கு 5க்கு மேல் போடக் கூடாது. இது எனக்கு நானே போட்ட சட்டம். இடப்பக்கம் எலும்புக்கூடு தானாக விழுந்திருந்தால் ஒழுங்குக்கு 5. நானாக அடுக்க வேண்டியிருந்தால் 3. ‘டாக்டர் ஃபாக்ஸ்’ வந்தாலும் இந்தத் தாளில் மாட்டிக்கொள்வார் என்று நம்புகிறேன்.

முதல் ஐந்து பேச்சுக்குப் பென்சிலில் போடுங்கள். ஐந்து முடிந்ததும் திரும்பப் போய்ப் பார்த்துவிட்டுப் பேனாவுக்கு மாறலாம். வரிசையைக் குலுக்கலில் எடுங்கள். ஒருமுறை நாலாவதாகப் பேசிய மாணவி வகுப்பையே சிரிக்கவைத்துவிட்டு இறங்கினாள். ஐந்தாவதாக வந்தவனுக்கு 13 போட்டேன். வாரக் கடைசியில் வேறு எதற்கோ அந்தப் பதிவைப் போட்டுப் பார்த்தால், அவன் பேச்சு தாராளமாக 18 பெறும். அன்று அவன் செய்த ஒரே தப்பு அவளுக்கு அடுத்தபடியாக வந்தது. திருத்திக் கொடுத்தேன், ஆனால் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அன்றிலிருந்து பேச்சுக்குப் பேச்சு இரண்டு நிமிடம் இடைவெளி விடுகிறேன்.

அந்த இரண்டு நிமிடத்தில் மாணவர்களையும் எழுதவைக்கலாம். மார்க் போடச் சொல்லாதீர்கள். நண்பனுக்கு 25, ஆகாதவனுக்கு 12, அவ்வளவுதான் வரும். புரிந்துகொண்டது ஒரு வரி, தொலைந்த இடம் ஒரு வரி, இதைக் கேளுங்கள். நாற்பது துண்டுச்சீட்டில் முப்பதில் ஒரே கருத்து இருந்தால், பேசியவருக்கு அதைவிட நல்ல சான்றிதழ் உங்களாலும் கொடுக்க முடியாது.

குறிப்பு எழுதும்போது “நன்று, இன்னும் முயற்சி தேவை” என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். அதை வைத்துக்கொண்டு அவர்கள் நாளைக்கு என்ன செய்வார்கள்? நான் எழுதுவது இந்த மாதிரி: “கம்ப்ரெஸர் என்ற சொல் 2ஆம் நிமிடத்தில் வந்தது. அது என்ன செய்கிறது என்று 4ஆம் நிமிடத்தில்தான் சொன்னாய். நடுவில் இருந்த இரண்டு நிமிடம் எனக்கு ஒட்டவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை முன்னால் கொண்டுவா.” ஒரு பேச்சுக்கு இப்படி ஒரே ஒரு திருத்தம், நன்றாக அமைந்த ஓர் இடம். பன்னிரண்டு குறை எழுதினால் பன்னிரண்டும் மறந்துபோகும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த சுற்றில் வரும்: செயற்கை நுண்ணறிவு எழுதிக்கொடுத்ததை ஒப்பிப்பது. கண்டுபிடிக்கத் துப்பறிய வேண்டாம். 6 நிமிடத்தை 5 ஆக்கி, கடைசி நிமிடத்தைக் கேள்விக்கு விடுங்கள். “இதைப் பத்து வயதுக் குழந்தைக்கு எப்படிச் சொல்வாய்?” என்று கேட்டால், தெரிந்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்வார். ஒப்பித்தவர் முதல் பத்தியிலிருந்து மறுபடி தொடங்குவார்.

அந்தப் பெண்ணின் 15ஐ என்ன செய்வது? அவள் கேட்டாள் என்பதற்காக அவளுக்கு மட்டும் ஏற்றாதீர்கள். பதிவுகள் இருந்தால் துறைத்தலைவரிடம் சொல்லிவிட்டு 48 பேச்சையும் புதுத் தாளில் திரும்பப் போடுங்கள். ஐந்து மணி நேர வேலை, செய்யலாம். பதிவு இல்லையென்றால் அவளைக் கூப்பிட்டு உள்ளதைச் சொல்லுங்கள்: “உன் விளக்கம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, நான் வைத்திருந்த படிவத்தில் அதற்கு இடம் போதவில்லை, அடுத்த சுற்றில் இருக்கும்.” ஆசிரியர் இப்படிச் சொன்னால் மதிப்பு குறைந்துவிடாது.

அந்தப் பையனையும் கூப்பிடுங்கள். 22 வாங்கியவனுக்கு யாரும் எதுவும் சொல்லித்தருவதில்லை, பாவம். காலநிலையே வேண்டுமென்றால் அதற்குள் ஒரு சின்னக் கேள்வியை எடுக்கச் சொல்லுங்கள்: கடலில் மிதக்கும் பனி உருகினால் கடல் மட்டம் ஏறுமா? ஏறும் என்றுதான் வகுப்பில் பாதிக்கு மேல் சொல்வார்கள். மிதக்கும் பனி உருகுவதால் மட்டம் கிட்டத்தட்ட மாறுவதில்லை. நிலத்தின் மேல் இருக்கும் பனி உருகி ஓடிவருவதாலும், கடல்நீரே சூடேறி விரிவதாலும்தான் மட்டம் ஏறுகிறது. அவனுடைய நாக்குக்கு இது நல்ல தீனி. அன்று அவனைக் கடைசியாகப் பேசவையுங்கள். வகுப்பு தொடங்கும்போதே ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரும் நாலு ஐஸ்கட்டியும் மேஜை மேல் வைத்து, மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடச் சொல்லுங்கள்.